ஓடைக்குளத்துக்கு வந்த பிளஸ் ஒன்

வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாம், இது கோயில் இல்ல, எம்எல்ஏ ஆபீஸ்தான். அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். போன வாரம் ஒரு பெரியவர் மனுவோட சேர்ந்து கீழ விழுந்தார். இப்படி ஃபேனுக்கு நேரா வந்து உக்காருங்க. அண்ணனப் பாக்கணுமா? இப்ப வந்துருவார். காலையில இருந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் இப்ப வந்துருவார்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னைக்கு நானும் உங்கள மாதிரி அவருக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். பேருக்குத்தான் இங்க வேலை பாக்கறவன்.

என் பேரு காளீஸ்வரன். தினமும் காலையில உங்க போன்ல 'நமது தொகுதிச் செய்தி'ன்னு வரும்ல, ஓரத்துல ரோஜாப்பூ போட்டு, அண்ணன் கும்பிடற படத்தோட? அது நான்தான். படம் அவரு, எழுத்து நான். என்னது, வருது, ஆனா திறந்து பாக்கறதில்லையா? நல்லது. உண்மையச் சொன்னீங்களே, அதுக்கே ஒரு டீ சொல்லணும். அப்புறம் சொல்லுவோம், கடைக்காரன் நம்ம ஆபீஸ்னா இப்பல்லாம் கொஞ்சம் யோசிக்கறான்.

எல்லாரும் நெனைக்கறாங்க, அண்ணன் போயி ரிப்பன் வெட்டறதுதான் பெரிய வேலைன்னு. கத்திரி நல்லா இருந்தா யாரு வேணா வெட்டலாம் அண்ணாச்சி. அதை எழுதறதுதான் வேலை. எங்க பழக்கம் என்னன்னா, விழா நாளைக்குன்னா செய்தி இன்னைக்கே எழுதி முடிஞ்சிருக்கணும். அண்ணன் மேடையில ஏறி உக்காரும்போதே ஜனங்க போன்ல செய்தி போய் விழுந்துரணும். அப்பத்தான் கெத்து. முந்தின நாளே உக்காந்து எழுதுவேன், 'பலத்த கரகோஷத்துக்கிடையே' எல்லாம் அப்பவே போட்டுருவேன். ஒருதடவை 'கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல் திரண்ட பொதுமக்கள்'னு எழுதி வச்சேன், மானம் கறுத்திருந்ததேன்னு. மறுநாள் மண்டையப் பொளக்கற வெயிலு. செய்தி போயிருச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு ஆளு மட்டும் 'எங்க தெருவுல ஏன் பெய்யல'ன்னு கேட்டு அனுப்பியிருந்தார். மக்கள் நம்மள எவ்வளவு நம்பறாங்க பாருங்க.

பள்ளிக்கூடச் செய்திதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புள்ளைக சொன்ன இடத்துல நிக்கும், சொன்னா கை தட்டும். ஸ்மார்ட் கிளாஸுன்னு ஒரு பெரிய டிவி வந்துச்சு தொகுதிக்கு. அதை நாங்க நாலு பள்ளிக்கூடத்துல தொறந்து வச்சோம். நாலு டிவியான்னு கேக்கறீங்க. ஒரே டிவிதான் அண்ணாச்சி. ஒரு இடத்துல தொறந்து வச்சு, படம் எடுத்து, அட்டைப்பெட்டியில போட்டு அடுத்த ஊருக்கு. புள்ளைக அதை வழியனுப்ப ரோடு வரைக்கும் வந்தாங்க. நாலாவது பள்ளிக்கூடத்துல அது இப்ப பத்திரமா இருக்கு, பிளக் பாயிண்ட் வந்ததும் போட்டுருவாங்க.

சரி, கதைக்கு வர்றேன். எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, யார்கிட்டயாவது சொல்லியாகணும். நீங்களா வந்து மாட்டிக்கிட்டீங்க.

எனக்குச் சொந்த ஊரு ஓடைக்குளம், வீடும் அங்கதான். இங்க கரட்டூர்ல இருந்து பஸ்ஸுல போனா முக்கா மணி நேரம், பஸ் வந்தா. அங்க ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கு, பத்தாவது வரைக்கும். பத்து முடிச்ச பையங்க எப்படியோ பைக்குல தொத்திக்கிட்டு டவுன் ஸ்கூலுக்கு வந்துருவாங்க. பொம்பளப் புள்ளைகளுக்கு அது ஆகாது. ஏன்னா காலையில ஸ்கூலுக்கு நேரத்துக்கு வர்றது ஒரே ஒரு வண்டி, அது தீப்பெட்டி ஆபீஸ் வேன். அது மட்டும் ஒரு நாள் தப்பாம வந்துரும். வீட்டு வாசல்லயே நிப்பாட்டிப் புள்ளைகள வேலைக்கு ஏத்திக்கிட்டுப் போகும். அதனால பாதிப் புள்ளைகளுக்குப் பத்தாங்கிளாசோட படிப்பு முடிஞ்சிரும். ஊருக்குள்ள பதினொண்ணு, பன்னெண்டு வந்துட்டா இந்த வேன் தொல்லை தீரும்னு ஊர்க்காரங்க கேக்காத ஆளில்ல.

அண்ணன் போயி மந்திரிகிட்ட மனு குடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, குடுத்தார். நானே படம் எடுத்தேன். அங்க என்ன சொன்னாங்களோ, வெளிய வந்து கார்ல ஏறிக்கிட்டே, 'ஓடைக்குளம் முடிஞ்ச மாதிரிதான்டா காளி'ன்னார். முடிஞ்ச மாதிரின்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி? முடிஞ்சதுன்னுதானே? அப்பப் பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வர்ற நேரம். நான் அன்னைக்கே எழுதிட்டேன். 'எம்எல்ஏவின் அயராத முயற்சிக்கு வெற்றி. ஓடைக்குளம் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்கிறது. வரும் ஜூன் முதல் பிளஸ் ஒன் வகுப்பு. இனி நம் பெண் பிள்ளைகள் வேன் ஏற வேண்டாம்.' கடைசி வரி நானாப் போட்டது. ஊர்க்காரன்ல, ஒரு பாசம். அந்த வரியப் படிச்சிட்டு அண்ணனே கண்ணு கலங்கிட்டார். 'எப்படிடா இப்படி எழுதறே'ன்னார்.

ஊர்ல வெடி போட்டாங்க. அண்ணனுக்கு ஆளுயர ஃபிளக்ஸ் வச்சாங்க. ஓரத்துல என் படத்தையும் சின்னதா வச்சிருந்தாங்க.

அப்புறம் மேல இருந்து பட்டியல் வந்துச்சு. அதுல ஓடைக்குளம் இல்ல. வேற யாரோட தொகுதியோ, ஏதோ ஒரு ஊருக்குப் போயிருச்சு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? மறுப்புச் செய்தி போடலாமேன்னு நீங்க நெனைக்கலாம். நமது தொகுதிச் செய்தியில மறுப்புப் போடற பழக்கம் கிடையாது. ஒருதடவை போட ஆரம்பிச்சா எங்க போயி நிக்கறது? எதை விடறது? அதனால பேசாம மரக்கன்று நடறதப் பத்தி எழுத ஆரம்பிச்சேன். அடுத்த வருசம் வந்துட்டா, போன வருசமே சொன்னோம்ல, அதான்னு ஆகிப்போயிரும். இதுல ஒரு பயலுக்கும் நஷ்டம் இல்லன்னுதான் நான் நெனைச்சேன்.

எல்லாம் சரியாத்தான் போயிட்டிருந்துச்சு, அந்த ஹெச்எம் டீச்சர் மட்டும் சும்மா இருந்திருந்தா. ஞானசெல்வி டீச்சர். ஓடைக்குளம் பள்ளியோட தலைமை ஆசிரியை. வேலைன்னா வேலை, வேற பேச்சுக் கிடையாது. விழாவுக்குப் போனா ஒரு சால்வை போட மாட்டாங்க. 'பாடவேளை போகுது, சீக்கிரம் முடிங்க'ம்பாங்க. அண்ணனப் பாத்தே சொன்னாங்க அண்ணாச்சி, கையில கத்திரியோட நிக்கறப்ப.

ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்த கையோட, நோட்டுப் புத்தகம் குடுக்கற படம் வேணும்னு நான் அங்க போனேன். அண்ணன் வரல, அவர் கைய மட்டும் பழைய படத்துல இருந்து எடுத்துக்கலாம்னு ஏற்பாடு. போனா, சயின்ஸ் லேப்ல சத்தம் கேக்குது. எட்டிப் பாத்தேன். பத்துப் பதினோரு பொம்பளப் புள்ளைக, போன வருச யூனிஃபார்ம், பெஞ்சு பத்தாம பாதிப் பேரு தரையில. போர்டுல பெருசா 'பதினொன்றாம் வகுப்பு'ன்னு எழுதியிருக்கு.

எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு. நம்ம செய்தி உண்மையாயிருச்சுய்யா! டீச்சர்கிட்ட ஓடினேன். 'அனுமதி வந்துருச்சா டீச்சர்'னேன். அவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க. 'நீங்க எழுதினதை நம்பி இந்தப் புள்ளைக டவுன் ஸ்கூல்ல அப்ளிகேஷனே போடல. இப்ப அங்க இடம் இல்லங்கறாங்க. வேன்காரன் ஊருக்குள்ள வந்து பேரு எழுதிட்டுப் போயிட்டான். எங்கயாவது இடம் கிடைக்கற வரைக்கும் நானும் ரெண்டு டீச்சரும் பாடம் நடத்தறோம். அதுவரைக்கும் ஒரு புள்ள அந்த வேன்ல ஏறக்கூடாது. இதை வெளிய சொல்லிறாதீங்க'ன்னாங்க.

கோவம் வந்துச்சு எனக்கு. நம்புனது அவங்க தப்பு. செய்தின்னா செய்தியாப் படிக்கணும். அதைப் படிச்சிட்டு யாராவது புள்ளைய டவுன் ஸ்கூல்ல சேக்காம இருப்பாங்களா? ஒரு போன் போட்டுக் கேக்க வேண்டாமா?

கோவத்தோட கோவமா, படம் எடுத்துருவோம்னு போனைத் தூக்கினேன். அனுமதி வந்தா என்ன, வராட்டி என்ன, வகுப்பு நடக்குதுல்ல. ரெண்டாவது பெஞ்சுல ஒரு புள்ள குனிஞ்சு எழுதிட்டிருந்தா. முகம் விழல. 'ஏம்மா, ரெண்டாவது பெஞ்சு, கொஞ்சம் நிமிரு'ன்னேன்.

நிமிர்ந்தா. என் மக.

ஜெயபிருந்தா. என் ஒரே மக. அவ டவுன் ஸ்கூல்ல சேந்து போய்க்கிட்டிருக்கான்னுல நான் நெனைச்சேன். அப்படிப் பாக்காதீங்க. சொந்த மக எந்த ஸ்கூல்ல படிக்கறான்னு தெரியாதவனான்னுதானே? தொகுதியில இருக்கற அத்தனை பள்ளிக்கூடத்தையும் நான் ஒருத்தன் பாக்கணும். காலையில நான் கிளம்பும்போது அவ தூங்குவா, திரும்பி வரும்போதும் தூங்குவா. நடுவுல எங்க போறான்னு அவ அம்மாதான் பாத்துக்கணும். அதுக்குத்தானே வீட்டுல ஒரு ஆளு.

அவ சிரிக்கல. என்னையே பாத்துக்கிட்டிருந்தா. நானும் கிளிக் பண்ணிட்டேன். கை பழக்கம்.

வீட்டுக்குப் போயி சண்முகக்கனிகிட்ட கத்தினேன். சண்முகக்கனி என் வீட்டம்மா. 'ஏன்டி, டவுன் ஸ்கூல்ல ஏன் அப்ளிகேஷன் போடல'ன்னேன். அவ நிதானமாச் சொல்றா, 'நீங்கதானே போட்டிருந்தீங்க, நம்ம ஊருக்கே வந்துருச்சுன்னு.' ஏன்டி, ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதான்னா, 'எழுதினவரே நீங்க, உங்ககிட்ட வேற என்னத்தக் கேக்க'ங்கறா. அதோட விடல. 'மத்த வீட்டுல எல்லாம் யோசிச்சாங்க. காளீஸ்வரன் மகளே இங்கதான் சேரப்போறாளாம், அவருக்குத் தெரியாததான்னு சொல்லித்தான் அப்ளிகேஷன் போடாம நின்னாங்க'ன்னா. கேட்டீங்களா நியாயத்த? நான் எழுதினதை இவ நம்பியிருக்கா. இவ நம்பினதை ஊரு நம்பியிருக்கு. கடைசியில எல்லாருமாச் சேந்து என் தலையில கொண்டு வந்து வைக்கறாங்க. நான் எழுதறதை என் வீட்டுலயே நம்புவாங்கன்னு நான் கனவா கண்டேன்?

அந்தப் படத்தைப் போட்டீங்களான்னுதானே கேக்கறீங்க. போட்டேன். டீச்சர் வெளிய சொல்லாதீங்கன்னாங்க, வாஸ்தவம். ஆனா படம் அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. ஜன்னல் வெளிச்சம் நேரா அவ முகத்துல. 'சொன்னதைச் செய்தார் எம்எல்ஏ. ஓடைக்குளத்தில் உற்சாகமாக நடைபெறும் பிளஸ் ஒன் வகுப்பு'ன்னு போட்டேன். அந்த மாசத்துலயே அதுக்குத்தான் லைக் ஜாஸ்தி. டீச்சருக்கும் நாலு பேருகிட்ட பேரு கிடைக்கும்னு நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன்.

அதைக் கல்வித் துறையில எவனோ ஒரு ஆளு பாத்துத் தொலைச்சிட்டான். நீங்களே திறந்து பாக்கறதில்ல, அவனுக்கு என்ன கேடுன்னு தெரியல. அனுமதி இல்லாத வகுப்பு எப்படி நடக்குதுன்னு டீச்சருக்கு மெமோ வந்துருச்சு. லேபைப் பூட்டச் சொல்லிட்டாங்க. டீச்சர் நேரா இங்க வந்தாங்க. நீங்க இப்ப உக்காந்திருக்கற இடத்துலதான் உக்காந்தாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு பாத்தேன், திட்டல. என் பக்கமே திரும்பல. அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'டவுன் பெண்கள் பள்ளி ஹெச்எம்கிட்டப் பேசிட்டேன் சார். இடம் இல்லதான், ஆனா எம்எல்ஏ ஒரு வார்த்தை போன்ல சொன்னா எக்ஸ்ட்ரா பெஞ்சு போட்டு எல்லாரையும் சேத்துக்கறேன்கறாங்க. நாளைக்கு அவங்களை மேல கேட்டா ஒரு பேரு சொல்லணும்ல. காலையில நேரத்துக்கு ஒரு பஸ் விட நான் டெப்போவுல சொல்லிக்கறேன். நீங்க அந்த ஒரு போன் மட்டும் பண்ணுங்க.'

அண்ணன் எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் கூப்பி, 'இது என் கடமை டீச்சர்'னார். அற்புதமான படம். 'தலைமை ஆசிரியையின் கோரிக்கை: உடனடி நடவடிக்கைக்கு எம்எல்ஏ உறுதி'ன்னு அன்னைக்கே போட்டாச்சு.

அது ஆச்சு பத்து நாளு. சேர்க்கைக்கு இன்னைக்குத்தான் கடைசி. அண்ணன் போன் பண்ணாரான்னா... அவருக்கும் எவ்வளவு ஜோலி இருக்கும் நீங்களே சொல்லுங்க. நேத்து ஒரு காதுகுத்து, முந்தாநேத்து ரெண்டு பால்காய்ப்பு. இன்னைக்கு மதுரையில ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். நான் நினைவுபடுத்தாம இல்ல. எத்தனை தடவ போன் போட்டேன் தெரியுமா? டிரைவர் எடுத்து 'அண்ணன் பந்தியில இருக்கார்'ங்கறான். காலையில இருந்து ஒரே பந்தியில எவ்வளவு நேரம்தான் ஒரு மனுசன் சாப்பிடுவார்?

நீங்க ஒண்ணு நெனைக்கலாம், நானே அந்த டவுன் ஸ்கூல் ஹெச்எம்முக்கு எம்எல்ஏ ஆபீஸ்ல இருந்து பேசறேன்னு சொல்லிட்டா என்னன்னு. சொன்னேன் அண்ணாச்சி. காலையிலேயே சொன்னேன். 'சார் சொன்னாரான்னு சாரே சொல்லட்டும், நீங்க நெறய எழுதுவீங்கன்னு தெரியும்'னு வச்சிட்டாங்க. எழுதறவனுக்கு இதான் மரியாதை.

இருங்க, இருங்க. அண்ணன்தான். ஒரு நிமிசம்.

சொல்லுங்கண்ணே... ஆமாண்ணே, ஆபீஸ்லதான்... அண்ணே, அந்த ஓடைக்குளம் புள்ளைக... இல்லண்ணே, இன்னைக்குத்தான் கடைசி... கேக்கலையா? மேளச் சத்தமா இருக்குண்ணே, கொஞ்சம் வெளிய வந்து... ஆமாண்ணே, நம்ம பிருந்தாவும்தான். அவளும்தாண்ணே அதுல... சரிண்ணே... சேந்துட்டாங்கன்னே போட்டுரவா? நீங்க அப்புறம் பேசிக்கறீங்களா?... சரிண்ணே. சாயங்காலம் ஸ்கூல் ஆபீஸைப் பூட்டிருவாங்கண்ணே, அதுக்குள்ள மட்டும்... அண்ணே? அண்ணே?

சரி. பேசிக்கறேன்னுட்டார் அண்ணாச்சி. முடிஞ்ச மாதிரிதான். பேசறேன்னா பேசுவார். கை கழுவிட்டு வந்து பேசுவார். செய்தி நேத்தே எழுதி ரெடியா வச்சிருந்தேன், பாருங்க: 'எம்எல்ஏவின் அதிரடி நடவடிக்கை. ஓடைக்குளம் மாணவிகள் அனைவருக்கும் டவுன் பள்ளியில் இடம். ஆனந்தக் கண்ணீரில் பெற்றோர்.' எப்படி இருக்கு? ஆனந்தக் கண்ணீரை எடுத்துரலாமா? வேண்டாம், இருக்கட்டும். சண்முகக்கனி எப்படியும் அழுவா.

போட்டாச்சு. பாருங்க, விழுந்துருச்சு. கட்டைவிரல் ஒண்ணு, ரெண்டு, பூங்கொத்து ஒண்ணு. நம்ம ஆளுக சுறுசுறுப்பு. உங்க மனு என்ன அண்ணாச்சி, குடிதண்ணியா? குடுங்க, அதையும் ஒரு படம் எடுத்துருவோம். அண்ணன் சேரைப் பாத்து அப்படியே நீட்டுங்க, அவரை நான் அப்புறம் உள்ள வச்சுக்கறேன். இன்னைக்கே...

இருங்க, ஒரு மெசேஜ். என் மகதான். பாத்தீங்களா, உடனே பாத்துட்டா. சந்தோசத்துல ஏதோ அனுப்பியிருக்கா. கண்ணாடியப் போட்டுக்கறேன்.

'அப்பா, இது நடந்ததா, நீங்க எழுதினதா? நாங்க எல்லாரும் டவுன் ஸ்கூல் கேட்டுலதான் நிக்கிறோம். டீச்சரும் நிக்கிறாங்க. போன் எதுவும் வரலைன்னு உள்ள சொல்றாங்க. வீட்டுக்குப் போகவா, இன்னும் நிக்கவா?'

அண்ணாச்சி, எங்க எந்திரிச்சிட்டீங்க? மனுவ ஏன் மடிச்சுப் பைக்குள்ள வைக்கறீங்க? அட, அண்ணன் வந்துருவார், இருங்க. சரி, போங்க, போறதாயிருந்தா போங்க. இந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் எழுதட்டும், அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.